பத்து சிலிண்டரும் பழைய பில்களும்

அன்புள்ள மருமகனுக்கு,

பழைய பிஎம்டபிள்யூ எம்5 ஒன்றை வாங்கலாமா என்று கேட்டு நீ அனுப்பியிருந்த படங்களையும், அவற்றின் கீழே "மாமா, இதை விட்டால் இன்னொன்று கிடைக்காது" என்று எழுதியிருந்ததையும் பார்த்தேன். மறுநாள் காலையிலேயே உன் அம்மா என்னை அழைத்து, "நீ சொன்னால்தான் கேட்பான், வேண்டாமென்று சொல்லிவிடு" என்றாள். அக்காவின் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. ஆனாலும் அப்படி ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் உன் வயதில் நானும் இப்படி ஒரு வண்டியை வாங்கினேன், அதற்காகச் செலவழித்ததில் பாதியை நினைத்து இன்றும் வருந்துகிறேன், மறுபாதியை நினைத்து வருந்தவே இல்லை. இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், உன் சம்மதத்தோடு இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

உன் ரசனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 2005 முதல் 2010 வரை வந்த இ60 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்5, நான்கு கதவும் பெரிய டிக்கியும் உள்ள ஒரு குடும்ப செடானுக்குள் பந்தயக் காரின் குணமுள்ள, பத்து சிலிண்டர் கொண்ட 5 லிட்டர் வி10 இஞ்சினை வைத்த வண்டி. 507 குதிரைத்திறன், நிமிடத்திற்கு 8,250 சுழற்சி வரை ஏறும் இஞ்சின், ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தத் தனித்தனி திராட்டில். வண்டியைக் கிளப்பியதும் அது 400 குதிரைத்திறனைத்தான் தரும், மீதி நூற்றேழுக்குத் தனியாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை முதன்முதலில் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதற்குப் பின் வந்த தலைமுறைகள் டர்போ வைத்த வி8 இஞ்சினுக்கு மாறிவிட்டன. அவை இதைவிட வேகமானவை, ஆனால் அந்த ஒலி அவற்றில் இல்லை. ஆகவே, "இன்னொன்று கிடைக்காது" என்று நீ எழுதியதில் உண்மை இருக்கிறது.

நீ தடுமாறுவது அடுத்த வரியில்தான். "புதிதில் விற்ற விலையில் கால்பங்குகூட இல்லை" என்று எழுதியிருக்கிறாய். வண்டியின் விலை இறங்கியிருக்கிறது என்பது சரி, ஆனால் அதன் பிரேக் டிஸ்கின் விலையோ, கிளட்சின் விலையோ, அதைக் கழற்றி மாட்டுகிறவரின் ஒரு மணி நேரக் கூலியோ அதோடு சேர்ந்து இறங்கவில்லை. அவையெல்லாம் அந்த வண்டியைப் புதிதாக வாங்கக்கூடியவரை மனத்தில் வைத்து நிர்ணயிக்கப்பட்டவை, வண்டி பழையதாகும்போது சில பாகங்களின் விலை ஏறவும் செய்யும். கால்பங்கு விலைக்கு வண்டியை வாங்கலாமே தவிர, கால்பங்கு விலைக்கு அதை வைத்திருக்க முடியாது. சந்தை உனக்குத் தள்ளுபடி எதுவும் தரவில்லை, இனி வரப்போகும் பில்களின் தொகையைத் தோராயமாகக் கணக்கிட்டு அதை விலையிலிருந்து கழித்திருக்கிறது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை நான் என் வண்டியில்தான் கற்றுக்கொண்டேன். அது எட்டு சிலிண்டர் வண்டி. எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே தேவையில்லை. வாங்கிய இரண்டாம் மாதத்தில் குளிர்விப்பு நீர் சொட்டுச் சொட்டாகக் குறையத் தொடங்கியது. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆயிற்று. கடைசியில் பார்த்தால், இஞ்சினின் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, கையே நுழையாத பள்ளத்தில், ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் வெப்பத்தில் காய்ந்து வெடித்திருந்தது. குழாயின் விலையைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அதன்பிறகுதான், அதை எட்டுவதற்கு இஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் முழுவதையும் கழற்ற வேண்டும், கழற்றினால் அதன் கேஸ்கெட்டுகளை மறுபடி பயன்படுத்த முடியாது, அவ்வளவு தூரம் போய்விட்டு அருகிலிருக்கும் தெர்மோஸ்டாட்டைப் பழையதாகவே விட்டு வருவது புத்திசாலித்தனமல்ல என்று மெக்கானிக் ஒவ்வொன்றாக விளக்கினார். அவர் சொன்னது எதுவுமே தவறில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது புரிந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இப்படிப்பட்ட வண்டிகள் ஏதோ ஒரு நாளில் தற்செயலாக விற்பனைக்கு வருவதில்லை, பெரிய செலவு ஒன்று வாசலில் வந்து நிற்கும்போதுதான் பெரும்பாலும் வருகின்றன. நான்கு டயரும் தேய்ந்து, பிரேக் டிஸ்க் அதன் குறைந்தபட்சத் தடிமனை நெருங்கி, கிளட்சும் முடியப்போகிறது என்று மெக்கானிக் சொன்ன வாரத்தில்தான் உரிமையாளருக்கு "குடும்பத்துக்குப் பெரிய வண்டி வேண்டும்" என்ற எண்ணம் உதிக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான் உதித்தது. நீ வாங்குவது அவருடைய வண்டியை மட்டுமல்ல, அவர் தள்ளிப்போட்ட பில்லையும் சேர்த்துத்தான். ஆகவே விலை குறைந்த வண்டியைத் தேடாதே. அந்த பில்லை ஏற்கெனவே வேறு யாரோ கட்டி முடித்த வண்டியைத் தேடு.

இந்த வி10 வண்டியில் அந்த பில் எந்தெந்த வடிவில் வரும் என்பது உலகறிந்த விஷயம். முதலாவது கனெக்டிங் ராட் பேரிங், அதாவது பிஸ்டனின் தண்டு இஞ்சினின் சுழலும் அச்சான கிராங்க் ஷாப்டைப் பற்றும் இடத்தில் இருக்கும் மெல்லிய உலோகப் பட்டை. இந்த இஞ்சினில் அவை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்கின்றன. காரணம் பேரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இடைவெளி குறைவாக வைத்ததா, இதற்கென்று விதிக்கப்பட்ட 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயில் குளிரில் மெதுவாகப் பாய்வதா என்று இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள், நமக்கு அந்த வாதம் தேவையில்லை. தேய்மானம் வெளியே கேட்கும் ஒலியாக மாறும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும், கிராங்க் ஷாப்டும் சேர்ந்து கெடும், சில சமயம் இஞ்சினே போய்விடும். ஆனால் முன்கூட்டியே மாற்றுவதென்றால், இஞ்சினை வெளியே எடுக்காமல், முன்பக்கச் சட்டத்தை இறக்கி, இஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டைக் கழற்றிக் கீழிருந்தே பேரிங்குகளை மாற்றிவிடலாம். அது பெரிய செலவுதான், இருந்தாலும் புது இஞ்சினின் விலைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. அடுத்தது, பத்து திராட்டில்களையும் இயக்கும் இரண்டு மின் ஆக்சுவேட்டர்கள். அவற்றின் உள்ளே இருக்கும் சிறிய பல்சக்கரங்களும் மின்னணுப் பகுதியும் பழுதாகும்போது வண்டி திடீரென்று சக்தியைக் குறைத்துக்கொள்ளும். வால்வு நேரத்தை மாற்றும் வானோஸ் அமைப்புக்குத் தனியாக ஒரு உயர் அழுத்த பம்ப் உண்டு, அதுவும் கெடும். எஸ்எம்ஜி என்ற ஏழு வேக கியர்பாக்ஸைப் பற்றி நீ எதுவுமே எழுதவில்லை. அது ஆட்டோமேட்டிக் அல்ல. ஹைட்ராலிக் பம்பின் உதவியோடு தானே கிளட்சை மிதித்துக்கொள்ளும் மேனுவல் கியர்பாக்ஸ் அது, அதனால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினால் கிளட்ச் தேயும். நீ தினமும் அலுவலகத்துக்கு இதில்தான் போகப்போகிறாய் என்றால், உன் அம்மாவின் பக்கம்தான் நான் நிற்பேன்.

வேறு வண்டி என்றால் இந்தத் தொல்லை இருக்காதா என்று கேட்பாய். தொல்லையின் இடம்தான் மாறும். 4.2 லிட்டர் வி8 வைத்த பழைய ஆடி எஸ்4 வண்டியில் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயின்கள் இஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கின்றன, அவற்றின் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உடைந்தால் இஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். மெர்சிடிஸின் 6.2 லிட்டர் ஏஎம்ஜி இஞ்சினில் ஆரம்ப ஆண்டுகளில் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் அரித்து உடைந்த கதை உண்டு, பிறகு அவற்றை மாற்றியமைத்தார்கள். டர்போக்களை இரண்டு வரிசைகளுக்கு நடுவே வைத்த பிஎம்டபிள்யூவின் 4.4 லிட்டர் வி8 வந்தபோது, அந்த வெப்பத்தில் வால்வு சீல்கள் இறுகி, வண்டி ஆயிலைக் குடிக்கத் தொடங்கியது. உனக்கு எட்டு சிலிண்டர் ஒலி வேண்டும், உறக்கமும் வேண்டும் என்றால், என் கருத்தில் லெக்சஸ் ஐஎஸ் எஃப் போதும். டர்போ இல்லாத 5 லிட்டர் வி8, சாதாரண ஆட்டோமேட்டிக், எளிமையான அமைப்பு. பின்னிருக்கை குறுகலானது, ஆரம்ப ஆண்டுகளின் சஸ்பென்ஷன் மேடு பள்ளத்தில் முதுகைப் பதம் பார்க்கும். ஆனால் லெக்சஸின் படத்தைப் பார்த்து உன் தூக்கம் கெடவில்லையே, அதனால் இதை வற்புறுத்தப் போவதில்லை.

பழுது எதுவுமே வராவிட்டாலும் தேய்கிற பொருட்களின் செலவு இருக்கிறது. எம்5 வண்டியின் முன் டயர் 255, பின் டயர் 285, இரண்டும் 19 அங்குலம். அளவு வேறாக இருப்பதால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்ய வழியில்லை, பின் டயர்தான் எப்போதும் முதலில் தேய்ந்து முடியும். ஆயில் மாற்றும்போது ஒன்பது லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும். அதையும் வண்டியின் கணினி சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே மாற்றுவதுதான் விவரம் தெரிந்தவர்களின் வழக்கம். எரிபொருள் தொட்டி 70 லிட்டர், அது காலியாகும் வேகத்தை நீயே பார்த்துக்கொள்வாய்.

இனி, உரிமையாளர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் அவருடைய பில்களைக் கேள். "எல்லாம் நிறுவனத்திலேயே சர்வீஸ் செய்தது" என்ற வாக்கியத்திற்கு மதிப்பில்லை, தேதியும் ஓடிய தூரமும் போட்ட காகிதத்திற்கு மதிப்புண்டு. முதல் 2,000 கிலோமீட்டரில் செய்ய வேண்டிய சர்வீஸ் பதிவாகியிருக்கிறதா, பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறியிருக்கிறதா, பேரிங், கிளட்ச், ஆக்சுவேட்டர் ஆகியவற்றின் பெயர்கள் எங்காவது தென்படுகின்றனவா என்று பார். பெரிய பில்கள் நிறைந்த கோப்பைக் கண்டு பலர் "இந்த வண்டியில் எப்போதும் பழுதுதான் போல" என்று பின்வாங்குகிறார்கள், உண்மையில் அதுதான் வாங்க வேண்டிய வண்டி. கோப்பு மெலிந்திருந்தால், அந்தச் செலவுகள் உனக்காகக் காத்திருக்கின்றன என்று பொருள்.

டயர்களையும் குனிந்து பார். பக்கச் சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். 507 குதிரைத்திறன் வண்டியில் நான்கு வேறு நிறுவனங்களின் மலிவான டயர்கள் மாட்டியிருந்தால், கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே சிக்கனம் பார்த்தவர் கண்ணுக்குத் தெரியாத ஆயிலில் என்ன செய்திருப்பார் என்று யோசித்துக்கொள்.

ஓட்டிப் பார்க்கும்போது சாவியை உடனே வாங்கிக்கொள்ளாதே. முதலில் உரிமையாளரையே ஓட்டச் சொல், நீ பக்கத்தில் உட்கார். இந்த வண்டியின் சுழற்சிமானியில் எச்சரிக்கை விளக்குகள் ஒரு வளைவாக இருக்கும், ஆயில் சூடாகச் சூடாக அவை ஒவ்வொன்றாக அணைந்து, இஞ்சினை எவ்வளவு தூரம் ஏற்றலாம் என்பதைக் காட்டும். அவை அணைவதற்கு முன்பே, உன்னைக் கவர்வதற்காக அவர் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால், வீட்டு வாசலிலேயே இறங்கி நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. பேரிங் எப்படித் தேய்கிறது என்பதை அவர் உனக்கு நேரிலேயே செய்துகாட்டிவிட்டார்.

மற்றவற்றை இயந்திரங்கள் சொல்லும். ஸ்கேனரைச் சொருகினால் கிளட்சின் தேய்மான அளவு தெரியும், ஓடிய தூரம் வண்டியின் வேறு கணினிகளில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்பது தெரியும், பிழைப் பதிவுகளை நேற்றுதான் யாரோ அழித்தார்களா என்பதும் தெரியும். அனுமதித்தால் ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பு. ஈயமும் செம்பும் அளவுக்கு மீறி இருந்தால் பேரிங் கரைந்துகொண்டிருக்கிறது. ஆய்வுக்குச் செலவிட மனமில்லாதவன் இந்த வண்டியை வாங்கும் தகுதியை அங்கேயே இழந்துவிடுகிறான்.

பணக் கணக்கு என்று கேட்டாயே, என் கணக்கு இதுதான். கையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதே. மீதி ஒரு பங்கு முதல் ஆண்டிலேயே போய்விடும் என்று எண்ணித் தனியாக வை. அது செலவாகாமல் எஞ்சினால் அடுத்த ஆண்டுக்கு ஆகும். கடன் வாங்கி இந்த வண்டியை வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், மாதத் தவணையும் மாதாந்திரப் பழுதும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். இதையே ஒரே வண்டியாக வைத்துக்கொள்வதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் ஒரு பாகத்துக்காக இது மூன்று வாரம் பட்டறையில் நிற்கும்போது உனக்கு வேலைக்குப் போக வேண்டியிருக்கும். உன் பழைய சிறிய வண்டியை விற்காதே. சிக்கனத்திற்கும் நேர்மையான வழிகள் உண்டு. இஞ்சின் வகையை நன்கு அறிந்த தனி மெக்கானிக் ஒருவரை வண்டி வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடு. நிறுவனத்தின் பெட்டியில் வரும் பல பாகங்களை உண்மையில் தயாரிப்பவர்கள் சாக்ஸ், லெம்ஃபோர்டர், போஷ், மாலே போன்றவர்கள்தான். அவர்களுடைய சொந்தப் பெட்டியில் வாங்கினால் விலை கணிசமாகக் குறையும். ஆனால் பிரேக்கிலும் டயரிலும் பெயர் தெரியாத மலிவுப் பொருளைப் போட்டுவிட்டு என்னிடம் வந்து சொல்லாதே.

வரும் சனிக்கிழமை காலை இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நாம் வரும்வரை இஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று அவரிடம் முந்தைய நாளே சொல்லிவிடு, குளிர்ந்த இஞ்சின் கிளம்பும்போது எழுப்பும் ஒலியைத்தான் நான் கேட்க வேண்டும். கதவைத் திறந்ததும் கியர்பாக்ஸின் பம்ப் சில நொடிகள் முனகும். அது எவ்வளவு நேரம் முனகுகிறது என்பதையும் எண்ணிப் பார்ப்போம். டார்ச்சும் ஸ்கேனரும் நான் கொண்டு வருகிறேன், நீ அந்தப் பழைய பில்களை எடுத்து வைக்கச் சொல். அக்காவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
மாமா