தொட்டி வாங்கும் பணத்துக்கு விதை வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கத்து ஊரில் புதிதாகத் திறந்த பூங்காவுக்குப் போன வாரம் பேரனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். திறப்பு விழாவுக்கு வண்டியில் வந்து இறங்கிய செண்டுமல்லித் தொட்டிகள் வரிசை கலையாமல் இருந்தன. செடிகள்தான் குச்சியாகக் காய்ந்து நின்றன. மனசு கேட்காமல் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். நாற்றோடு வந்த தேங்காய் நார்க் கட்டி அப்படியே உருண்டையாகக் கையில் வந்தது. வேர் அதைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கவே இல்லை. ஒருநாள் தண்ணீர் தவறினாலும் அந்த நார் காய்ந்துவிடும். செடி எப்படிப் பிழைக்கும்?

நான் 26 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே 4 அடி அகலத்துக்குச் செம்மண் தரை கிடக்கிறது. 11 வருடமாக அதில் வைக்க ஒரு பூச்செடிகூட விலைக்கு வாங்கியதில்லை. ஆடியில் விதைக்கிறேன், ஆயுத பூஜைக்குப் பறிக்கிறேன்.

கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் கீரைக் குடும்பம்தான். தண்டுக்கீரை போடத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. கோழிக்கொண்டை விதையும் கீரை விதை மாதிரியே கறுப்பாக மினுங்கும். ஒரு சிட்டிகை விதையை ஒரு கை மணலில் கலந்து தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் போட வேண்டும். எறும்பு இழுத்துப் போகாமலிருக்க ஓரத்தில் கொஞ்சம் ரவை தூவுவேன். வாடாமல்லி விதை பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும். காய்ந்த பூவை உள்ளங்கையில் கசக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட்டால் நன்றாக முளைக்கும். முதல் இரண்டு வாரம் பூவாளியால் காலையும் மாலையும் தெளிப்பதுதான் பெரிய வேலை. பிறகு ஒரு சாணுக்கு ஒன்று விட்டு மீதியைப் பிடுங்கிவிட்டால், வாரம் இரண்டு தண்ணீர் போதும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

எருவை மட்டும் அள்ளிக் கொட்டாதீர்கள். முதல் வருடம் ஆசைப்பட்டு நாலு கூடை சாணி எரு போட்டேன். செண்டுமல்லி இடுப்பளவுக்கு இலையாக வளர்ந்ததே தவிர, பூஜைக்கு ஒரு முழம் மாலைகூடத் தேறவில்லை. இப்போது எருவைக் குறைத்துவிட்டேன். செடி சாண் உயரம் வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிடுகிறேன். பக்கக் கிளை வெடித்துப் பூ கொத்துக் கொத்தாக வருகிறது.

காசித்தும்பைக்குத்தான் கொஞ்சம் நிழலும் ஈரமும் வேண்டும். வெயில் ஏறினால் தலை தொங்கிவிடும். ஆனாலும் அதை நான் விடுவதாக இல்லை. முற்றின காயைத் தொட்டால் பட்டென்று வெடித்துச் சுருண்டு விதை தெறிக்கும். நான் வேலை பார்த்த பள்ளியில் சமையல்கூடத்துப் பின்னால் போட்டிருந்தேன். அதைத் தொட்டுப் பார்க்கவே பிள்ளைகள் தட்டைக் கழுவிய ஈரக் கையோடு ஓடிவரும்.

விதை எடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் ஹைபிரிட் செண்டுமல்லியில் விதை எடுத்துப் போட்டால் அடுத்த வருடம் தாய்ச்செடி மாதிரி வராது. நாட்டு விதை கேட்டு வாங்குங்கள். நல்ல செடியாகப் பார்த்து, பெரிய பூக்கள் நாலைந்தைப் பறிக்காமல் செடியிலேயே காயவிடுங்கள். மழை நின்றபின் எடுத்து நிழலில் உலர்த்தி, காகிதப் பொட்டலத்தில் பேரும் மாதமும் எழுதி வைத்தால் அடுத்த ஆடிக்கு ஆயிற்று.

பூங்காவையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்துக்கொள்பவர்களை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பூத்த தொட்டிகளை வாங்கி அடுக்காதீர்கள். இந்த ஆடியில் தரையைக் கொத்தி விதை தூவுங்கள், முதல் இரண்டு வாரம் மட்டும் தினமும் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள் போடுங்கள். என்னிடம் ஒரு படி வாடாமல்லி விதையும் ஒரு டம்ளர் கோழிக்கொண்டை விதையும் இருக்கின்றன. அந்தப் பூங்காக் காவலரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆடிப் பதினெட்டுக்குள் தரையைக் கொத்தி வைத்தால் நானே வந்து விதைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி மாவட்டம்.