சுரங்கத்து நீரும் சுனைநீரும்: சேகருக்கு ஒரு பதில்

கோத்தகிரி,
ஐப்பசி 20

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் வரைபடமும் கிடைத்தன. இங்கே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. கேரட் தோட்டங்களை ஒட்டிய ஓடையெல்லாம் செம்மண்ணாக ஓடுகிறது. வீட்டில் எல்லோரும் நலம். கோதாவரிக் கரை வெயில் உனக்கு இன்னும் பழகவில்லை என்று எழுதியிருந்தாய், பழகாது. நிலக்கரிச் சுரங்கம் சுற்றியுள்ள நிலத்தடி நீரையும் ஓடையையும் என்ன செய்கிறது என்று எப்படிக் கண்காணிப்பது என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன்.

வரைபடத்தில் ஒன்று உறுத்துகிறது. கண்காணிப்புக் கிணறுகள் ஆறும் லாங்வால் பேனலுக்கு, அதாவது நிலக்கரியை முழுதாக வெட்டியெடுத்துப் பின்னால் கூரையை விழவிடும் நீண்ட பகுதிக்கு, நேர் மேலேயே இருக்கின்றன. நிலக்கரியை எடுத்துக் கூரை விழுந்ததும் மேலே உள்ள பாறை அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நகரும். கிணற்றுச் சுவரைத் தாங்கும் கேஸிங் குழாய் நடுவில் நெரிந்துவிடும். நீர்மட்டம் இறங்கியதா, குழாய் உடைந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பேனலுக்கு மேல் இரண்டு போதும், போய்விடும் என்று தெரிந்தே போடு. மற்றவற்றைப் பேனல் ஓரம், 200 மீட்டர், 500 மீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று விலக்கிக்கொண்டே போ. கடைசி ஒன்று சுரங்கத்தின் கை எட்டாத தூரத்தில், அதே மணற்கல்லில், அதே மழை பெய்யும் இடத்தில் இருக்க வேண்டும். அந்த ஒப்பீட்டுக் கிணறு இல்லையென்றால் மழை பொய்த்த வருடத்தில் பழியெல்லாம் சுரங்கத்துக்கு. நல்ல மழையில் சுரங்கம் இழுத்த நீர் கணக்கிலேயே வராது. மழையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்: நம் நீலகிரியிலேயே கூடலூருக்குத் தென்மேற்குப் பருவத்தில் கொட்டுகிறது, கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவத்தை நம்பித்தான் பிழைப்பு. அந்தப் பக்கத்துச் சுனையை வைத்து இந்தப் பக்கத்துச் சுனையை எடைபோட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

ஒரே குழியில் மேலிருந்து கீழ்வரை சல்லடைக் குழாய் (நீர் உள்ளே வரத் துளையிட்ட குழாய்) இறக்காதே. மேல்மண் நீரும் ஆழத்து மணற்கல் நீரும் கலந்து ஒரு மட்டத்தைக் காட்டும். அது இரண்டில் எதுவும் இல்லை. அந்தக் குழியே மேல்நீரைக் கீழே வடிக்கும் வழியாகவும் ஆகிவிடும். அடுக்குக்கு ஒரு குழி போடு. 50 மி.மீ. பி.வி.சி. குழாய், அடியில் 3 மீட்டர் சல்லடை, அதைச் சுற்றி அரை மீட்டர் மேலே வரை மணல், அதன்மேல் ஒரு மீட்டர் பெண்டோனைட் (நீரில் ஊறி உப்பி அடைக்கும் களிமண்), பிறகு தரைமட்டம் வரை சிமென்ட்-பெண்டோனைட் கூழ். பெண்டோனைட் உருண்டைகளை அவசரமாகக் கொட்டினால் பாதி ஆழத்திலேயே ஊறி அடைத்துக்கொள்ளும், கீழே வெற்றிடம் தங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, எடை கட்டிய நாடாவை இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டே இரு. நீர்மட்டத்தைத் தானே பதியும் லாகர் கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் குழி போடும் நேரத்து மேற்பார்வைக்குச் செலவழி என்பேன். பெண்டோனைட் அடைப்பு ஒழுகும் குழிக்குள் எவ்வளவு நல்ல லாகரைத் தொங்கவிட்டாலும் வீண்.

லாகர் நீரின் அழுத்தத்தோடு காற்றழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீர். தரையில் ஒரு காற்றழுத்தமானி வைத்துக் கழித்துவிடு. மாதம் ஒருமுறை நாடாவால் கையளவும் எடு.

பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. பேனலுக்கு மேல் நிலம் ஒரு மீட்டர் அமிழ்ந்தால் கிணற்றின் வாயும் அதோடு இறங்கும். நீர் இருந்த இடத்திலேயே இருந்தாலும் வாயிலிருந்து நீர்வரை உள்ள ஆழத்தை நாடா ஒரு மீட்டர் குறைவாகக் காட்டும். பழைய வாய்மட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் நீர் உயர்ந்ததுபோலத் தெரியும். எனவே பேனல் கடந்ததும் சர்வே வைத்துக் கிணற்று வாயின் மட்டத்தை மறுபடி எடு. நீர்மட்டம் உண்மையிலேயே இறங்குவதிலும் இரண்டு வகை உண்டு. அடுக்குகள் பிரிந்து புதிதாக உண்டான இடைவெளியில் நீர் நிரம்பினால் மட்டம் விழும், சில மாதத்தில் மீளும். சுரங்கத்துக்கே வடிந்தால் மீளாது, சம்ப்பிலிருந்து (சுரங்கத்துக்குள் நீர் சேரும் குழி) இறைக்கும் அளவும் கூடவே ஏறும். ஆகவே நீர்மட்டம், இறைக்கும் அளவு இரண்டின் வரைகோட்டையும் ஒரே தாளில் போட்டுப் பார். இறைப்பதை பம்ப் ஓடிய மணி நேரத்தால் கணக்கிடாதே; பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேயத் தேய பெயர்ப்பலகையில் உள்ள அளவு வராது. வெளியேறும் குழாயில் மீட்டர் வை. தூசி அடக்கக் கீழே அனுப்பிய நீரைக் கழிக்க மறக்காதே. மழை பெய்த சில நாளிலேயே உள்வரத்து ஏறினால் மேலே எங்கோ விரிசல் திறந்திருக்கிறது.

பேனலைக் கடக்கும் ஓடைக்கு ஓட்டத்தை அளக்க 90 பாகை வி-நாட்ச் தகடு (V வடிவில் வெட்டிய தடுப்பு) போதும். வழியும் உயரம் 5 செ.மீ. என்றால் விநாடிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். 5 செ.மீ.யில் 5 மி.மீ. கூடுதலாகப் படித்தால் கணக்கு கால்பங்குக்கு மேல் ஏறிவிடும். அளவுகோலைத் தகட்டிலேயே ஒட்டாமல், வழியும் உயரத்தைப்போல் நாலு மடங்கு தூரம் தள்ளி, நீர் வரும் பக்கத்தில் நடு. இங்கே சுனை ஓடைகளில் இரண்டே தொல்லைதான்: சில்வர் ஓக் இலை வெட்டில் சிக்கி உயரத்தைக் கூட்டிக் காட்டும், வண்டல் பின்னால் மேடிட்டால் உண்மை ஓட்டத்தைவிடக் குறைவாகக் கணக்கு வரும்.

நீரின் தரத்துக்கு பி.எச். மட்டும் பார்த்துத் திருப்திப்படாதே. நிலக்கரியோடு இருக்கும் பைரைட் (இரும்பு-கந்தகக் கனிமம்) ஆக்சிகரணம் அடைந்தால் முதலில் சல்பேட்டும் மின்கடத்துதிறனும் ஏறும். பாறையில் உள்ள கார்பனேட் தீரும்வரை பி.எச். அசையாது. இரும்பு, மாங்கனீசுக்கான புட்டியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து அங்கேயே நைட்ரிக் அமிலம் விடு. சல்பேட்டுக்கு அமிலம் விடாத தனிப் புட்டி.

பழைய சுரங்க வரைபடங்களை நம்பி உட்காராதே. 1975 டிசம்பர் 27-இல் தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் 370-க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது, பக்கத்துப் பழைய குடைவில் தேங்கிய நீர்தான். நீர் நிற்கும் பழைய குடைவுக்கு 60 மீட்டருக்குள் நெருங்க அனுமதி வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் 60 இருந்தாலும், முன்கூட்டியே துளையிட்டுப் பார்த்தபிறகு நெருங்கு.

ஊர்க் கிணறுகளை மோட்டார் போடுவதற்கு முன், விடியற்காலையில் அளக்கச் சொல். முதல் பேனல் தொடங்குமுன் இரண்டு வருட அளவு கையில் இருக்கட்டும். துளையிட்டபோது எந்த ஆழத்தில் என்ன பாறை வந்தது என்று குறித்த தாள்களை அடுத்த தபாலில் அனுப்பு. எந்த அடுக்கில் சல்லடை வைப்பது என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
போஜன்