பத்து நாள் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘சாம்பல் கலந்த சிமென்ட் மட்டும் வேண்டாம்’ என்று வீடு கட்டுபவர்கள் கறாராகச் சொல்வதை, தூத்துக்குடியில் கட்டட மேற்பார்வையாளராக இருந்த காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன சித்திரையில் எங்கள் தெருவில் ஒரு மாடித்தளம் போட்டார்கள். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். நான்காம் நாள் பாத்தி வறண்டுவிட்டது. டேங்கர் தண்ணீருக்குக் காசு யார் கொடுப்பது என்று வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் தகராறு. அதன்பிறகு சாயங்காலம் சித்தாள் தெளித்த இரண்டு குடம்தான். ஒரு வாரம் கழித்து ஏறிப் பார்த்தேன். தளமெங்கும் வலை பின்னியதுபோல் விரிசல். உள்ளங்கையால் தேய்த்தால் மாவாக வந்தது. பழி முழுவதும் சாம்பல் சிமென்டின் மேல் விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அனல்மின் நிலையப் புகையிலிருந்து பிரித்தெடுக்கும் அந்த நுண்சாம்பல், தர விதிப்படி 15 முதல் 35 சதவீதம் வரை இவ்வகைச் சிமென்டில் சேர்கிறது. சிமென்ட் இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு பிரியும். சாம்பல் அதோடு கூடிப் புதிய பிணைப்பாகி நுண்துளைகளை அடைக்கும். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுவது தள்ளிப்போகும். எங்களைப் போன்ற கடலோர ஊருக்கு வேறென்ன வேண்டும்? சுண்ணாம்போடு செங்கல் பொடியான சுர்க்கியைக் கலந்து 1895இல் முல்லைப்பெரியாறு அணையை எழுப்பினார்களே, அதுவும் இதே வித்தைதான்.

ஆனால் இந்த வினை மெதுவாக நடக்கும், ஈரம் இருந்தால்தான் நடக்கும். சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் சிமென்ட் போன்ற கலப்புச் சிமென்டுக்கு 10 நாள் நீராற்ற வேண்டும், அதாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, 14 நாள் வரை நீட்டிக்கவும் பரிந்துரைக்கிறது. தளத்தைத் தாங்கும் சென்டரிங் பலகை, முட்டுகளையும் அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. இன்னொன்று: அனல்மின் நிலையம் சாம்பலைக் கொட்டிவைக்கும் குளத்தில் கிடப்பதை லாரியில் வாங்கி நாமே கலவையில் கொட்டுவது பெரும் தவறு. அது சொரசொரப்பானது, எரியாத கரியும் இருக்கும்.

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரியில் சுட்டுத்தான் சிமென்டாக அரைக்கும் கட்டியான கிளிங்கர் கிடைக்கிறது. கல்லிலிருந்தும் எரிபொருளிலிருந்தும் கரியமிலவாயு கிளம்புகிறது. மூட்டையில் சாம்பல் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு கிளிங்கர் மிச்சம். விற்காத சாம்பலோ காற்றில் பறந்து வீட்டுக்கும் உப்பளத்துக்கும் வரும்.

வீட்டுக்காரர்களே, ஒப்பந்தம் பேசும்போதே நீராற்றும் தண்ணீருக்கும் ஆளுக்கும் தனியாகத் தொகை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுமானப் பக்கத்திலும், சிமென்ட் விலைக்குக் கீழே இந்தப் பத்து நாள் விதியைக் கட்டம் கட்டி வாராவாரம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
தூத்துக்குடி.