விருப்ப மனுவில் இருப்பது வாக்காளருக்கும் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் வந்துவிட்டால் கட்சிகளின் இணையதளங்களில் தலைவரின் படம் பெரிதாகிறது, தேர்தல் அறிக்கை ஏறுகிறது, பொதுக்கூட்ட நேரலை ஓடுகிறது. தன் தொகுதியில் நிற்பவர் என்ன படித்தவர், என்ன தொழில் செய்கிறார், அவர் மேல் வழக்கு உண்டா என்று தேடிப் போகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பெயர்ப் பட்டியலின் படம் ஒன்றுதான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் கட்சித் தளத்தில் ஒரு விவரப் பக்கம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தகவல் இல்லாததால் வரும் குறை அல்ல இது. தமிழ்நாட்டில் பெரிய கட்சிகள் கட்டணத்தோடு விருப்ப மனு வாங்கி, நேர்காணல் நடத்தித்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன. கல்வி, தொழில், கட்சியில் வகித்த பொறுப்பு எல்லாம் வேட்பாளர் அறிவிக்கப்படுவதற்கு முன்பே தலைமைக்குத் தெரியும். மனு வாங்கும்போதே, 'தேர்வானால் வெளியிடுவோம்' என்ற ஒப்புதலோடு இரண்டு பக்கப் படிவம் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்தால் போதும். பட்டியல் வெளியாகும் அன்றே வேட்பாளர் பக்கமும் வெளியாகிவிடும்.

வழக்கு விவரத்தைப் பொறுத்தவரை இது கட்சிகளின் விருப்பத்துக்கு விட்ட விஷயமும் அல்ல. 2020 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, நிலுவை வழக்கு உள்ள ஒருவரை நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் நிறுத்தும் கட்சி, அந்த வழக்குகளையும் அவரைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். வழக்கு இல்லாத வேறொருவரை ஏன் நிறுத்தவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். வெற்றி வாய்ப்பு இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. தேர்வு செய்த 48 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும், 72 மணி நேரத்துக்குள் தேர்தல் ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும். 2021 ஆகஸ்ட் 10 தீர்ப்பில், இந்த விவரத்துக்கான தலைப்பு முகப்புப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. 2020 பீகார் தேர்தலில் உத்தரவை மீறிய கட்சிகளுக்கு அபராதமும் விதித்தது.

இதற்கென ஆணையம் வகுத்தது சி-7 படிவம். இது வாக்காளரைச் சென்று சேராததற்கு முதல் காரணம், படிவத்தை ஸ்கேன் செய்து மொத்தமாக ஒரே கோப்பில் போட்டுவிடுவது. வேட்பாளர் பெயரைத் தட்டித் தேடினால் கிடைக்காது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தப் படத்தைப் படிக்காது. இரண்டாவது, காரணம் எழுதும் கட்டம். 'மக்களிடம் செல்வாக்குள்ளவர், சமூக சேவகர்' என்று ஒரே வாசகத்தை எல்லாருக்கும் ஒட்டினால் அது காரணமே அல்ல. எந்த ஆண்டு எந்தப் பொறுப்பில் இருந்தார், என்ன வேலையை முடித்தார் என்று எழுதினால்தான் படிப்பவருக்குப் பயன்.

மூன்றாவது சிக்கல் சட்டப் பிரிவு எண்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், பழைய வழக்குகள் பழைய சட்டத்தின் எண்ணிலும் புதியவை வேறு எண்ணிலும் நிற்கின்றன. கொலை முயற்சிக்கு முன்பு 307, இப்போது 109. மோசடிக்கு 420 என்று ஊரே அறிந்த எண் இப்போது 318-க்குள் போய்விட்டது. வெறும் எண்ணைப் போட்டால் யாருக்கும் விளங்காது. 'சாலை மறியல் தொடர்பான வழக்கு', 'கொலை முயற்சி வழக்கு' என்று தமிழில் எழுதி, காவல் நிலையம், வழக்கு எண், நீதிமன்றம், குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா இல்லையா என்பதையும் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். இதனால் கட்சிக்கும் நன்மை உண்டு. மக்கள் பிரச்சினைக்காகப் போராடி வழக்கு வாங்கியவரும் அடிதடி வழக்கில் உள்ளவரும் 'ஐந்து வழக்குகள்' என்ற ஒரே வரியில் அடைபடுவது போராடியவருக்குச் செய்யும் அநியாயம்.

வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்துக்கு ஆணையத்தின் தளத்துக்கு இணைப்பு கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. முத்திரைத்தாளில் தட்டச்சிட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்யப்பட்ட பல பக்கக் கோப்பு அது. கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க முடியும். மூலக் கோப்புக்கு இணைப்பு கட்டாயம் வேண்டும். அதோடு ஐந்து ஆண்டு வருமானம், அசையும் சொத்து, அசையாச் சொத்து, கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, கல்வி ஆகியவற்றை எழுத்து வடிவில் ஒரு சிறு அட்டவணையாகத் தர வேண்டும். முன்பு போட்டியிட்டவர் என்றால் அப்போதைய பிரமாணப் பத்திரத்தின் எண்களும் பக்கத்தில் இருக்கட்டும். நிலத்துக்கு வாங்கிய விலையும் இன்றைய மதிப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் சொத்து திடீரென்று பெருகியதாகவோ பெருகவே இல்லை என்றோ தோன்றிவிடும். பிள்ளைகளின் விவரம், வீட்டு முகவரி, பான் எண் ஆகியவை கட்சிப் பக்கத்தில் தேவையில்லை. தேர்தல் அலுவலக எண் இருந்தால் போதும்.

எழுத்துரு சிறிய விஷயமாகத் தெரியும், ஆனால் பாதி வேலையைக் கெடுப்பது அதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைப்பவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். மாவட்ட அலுவலகத்திலிருந்து வரும் கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, ஒருவர் மெய்ப்பு பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

பக்கத்தைத் தொகுதி எண்ணின்படி அமைப்பது நல்லது. 1 கும்மிடிப்பூண்டி முதல் 234 கிள்ளியூர் வரை எண் உறுதியானது. பெயரில்தான் 'திருச்சி மேற்கு', 'திருச்சிராப்பள்ளி மேற்கு' என்று குழப்பம் வருகிறது. அஞ்சல் குறியீட்டை வைத்துத் தொகுதியைக் காட்டும் வசதி வேண்டவே வேண்டாம். அஞ்சல் எல்லையும் தொகுதி எல்லையும் ஒன்றல்ல, வாக்காளரைப் பக்கத்துத் தொகுதிக்கு அனுப்பிவிடும். கூட்டணிக்கு விட்டுக்கொடுத்த தொகுதியின் பக்கமும் காலியாக இருக்கக் கூடாது. 2021-இல் மதிமுக வேட்பாளர்கள் உதயசூரியன் சின்னத்தில் நின்றார்கள். 2024-இல் அதே கட்சி திருச்சியில் தீப்பெட்டி சின்னத்தில் நின்றது. கட்சி ஒன்று, சின்னம் வேறு என்ற நிலையில் வாக்காளர் எந்தத் தளத்துக்குப் போனாலும் அதே விவரம் கிடைக்க வேண்டும்.

மனு வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வந்த அன்றே வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் வரிசை எண்ணைச் சேர்க்கலாம். 2024-இல் கரூர் மக்களவைத் தொகுதியில் 54 பேர் நின்றார்கள். வாக்காளர் பொத்தான் அழுத்தும் ஓர் அலகில் நோட்டாவையும் சேர்த்து 16 இடம்தான் என்பதால் அங்கே நான்கு அலகுகள் தேவைப்பட்டன. அதே ஆண்டு ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்தின் பெயரிலேயே வேறு பலரும் நின்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பெயரைவிட வரிசை எண், சின்னம், படம் மூன்றும் சேர்ந்துதான் உதவும்.

வேட்பாளரை மாற்றினால் பழைய பக்கத்தை ஓசையின்றி அழிக்காமல், எந்தத் தேதியில் மாற்றப்பட்டார் என்று குறிப்பிட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி இணைய முகவரி வாங்குவதும் வீண். தேர்தலுக்குப் பின் யாரும் புதுப்பிக்காவிட்டால் அந்த முகவரியை வேறு யாரேனும் வாங்கிச் சூதாட்டத் தளமாக்கிவிடலாம். கட்சித் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கம் போதும், அடுத்த தேர்தல் வரை அதை நீக்காதிருந்தால் சரி.

உள்ளாட்சியில்தான் இந்த வேலை மிகவும் தேவைப்படுகிறது. 2022 நகர்ப்புறத் தேர்தலில் மட்டும் 12,838 வார்டுகள். மேலே சொன்ன உத்தரவுகள் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களைப் பற்றியவை. ஆகவே கவுன்சிலர் வேட்பாளர் விஷயத்தில் கட்சி தானாக முன்வந்தால்தான் உண்டு. தலைமை அலுவலகத்தால் இத்தனை பக்கம் தயாரிக்க முடியாது. அதே படிவத்தை மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணிக்குக் கொடுத்து, நகரச் செயலாளர் சரிபார்த்தபின் வெளியிடலாம். மறுவரையறையில் வார்டு எண் மாறுவதால் எண்ணோடு தெருப் பெயர்களையும் சேர்க்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வேட்பாளர்களின் வழக்கு விவர விளம்பரங்கள் பொடி எழுத்தில் ஒரு மூலையில் வருகின்றன. அவற்றை வெளியிடும்போது, அந்த வேட்பாளரின் கட்சிப் பக்கத்துக்குச் செல்லும் க்யூஆர் குறியீட்டையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்