ஜூன் வரை அந்த மரத்தை விட்டு வை

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் தொட்டியில் நிற்கும் பே மரத்தை (bay, சமையலுக்கு வாசனை இலை தரும் மரம்) எடுத்து நீ அனுப்பிய நான்கு படங்களையும் பார்த்தேன். இலையெல்லாம் டீத்தூள் நிறத்துக்குப் போயிருக்கிறது. மாப்பிள்ளை ரம்பத்தை எடுத்து வாசலில் வைத்துவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். முதலில் அதைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல். குரல் பதிவாக அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டு வாசலில் முன்பு இரண்டு பே மரங்கள் இருந்தது உனக்கு நினைவிருக்கும். கதவுக்கு இரு பக்கமும் உருண்டைத் தலையோடு துவாரபாலகர் மாதிரி நிற்கும். "பேய் மரத்தை யாராவது வாசலில் வைப்பார்களா?" என்று பெரியம்மா ஃபோனில் பதறியதும் நினைவிருக்கும். 2022 டிசம்பர் நடுவில் விடாமல் உறைபனி அடித்ததே, லண்டனிலேயே பனி கொட்டியதே, அதில் இரண்டும் சேர்ந்து கருகின. பாவம், அதே வருடம் ஜூலையில்தான் இங்கிலாந்து முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. அந்த வெயிலையும் அவை தொட்டியில் நின்றபடியே தாங்கியிருந்தன.

மார்ச்சில் எனக்குப் பொறுமை போய்விட்டது. இடப்பக்கத்து மரத்தை அறுத்தேன். அறுத்த இடத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பட்டைக்குக் கீழே வெள்ளரிப் பிஞ்சின் பச்சையில் ஒரு மெல்லிய வளையம். தொட்டால் விரலில் ஈரம். அப்போதாவது கட்டையைத் தொட்டியிலேயே விட்டிருக்கலாம். அடியிலிருந்து தளிர்க்கும் என்பது அன்றைக்குத் தெரியாது. வேரோடு பிடுங்கித் தோட்டக் கழிவுத் தொட்டியில் போட்டேன்.

வலப்பக்கத்து மரம் பிழைத்ததற்கு என் அறிவு காரணமில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஏப்ரல் போனது, மே போனது, மரம் துடைப்பக்கட்டை மாதிரியே நின்றது. ஜூன் முதல் வாரம் பால் எடுக்கக் கதவைத் திறந்தபோது, அடித்தண்டில் அரிசி அளவில் மூன்று நான்கு மொட்டுகள் தெரிந்தன. வெறும் தண்டைப் பிளந்துகொண்டு வந்திருந்தன.

உன் மரத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்றால், அது மத்திய தரைக்கடல் பக்கத்து மரம். தரையில் நட்டு நன்றாக வேர் பிடித்திருந்தால் மைனஸ் 5 டிகிரி வரை பெரும்பாலும் சமாளிக்கும். தொட்டியில் அப்படியில்லை. நாலா பக்கமும் குளிர் ஏறி மண்ணே கட்டியாக உறைந்துவிடும். இலை உதிர்க்காத மரம் என்பதால் குளிர்காலக் காற்றிலும் வெயிலிலும் இலை நீரை இழந்துகொண்டே இருக்கும். உறைந்த மண்ணிலிருந்து வேரால் ஒரு சொட்டுகூட எடுக்க முடியாது. பார்க்கக் குளிரில் கருகியது போல இருக்கும். பாதிக்கு மேல் அது தாகம்தான்.

இப்போது செய்ய வேண்டியது, நகத்தால் கீறிப் பார்ப்பது. நுனிக்கொம்பில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்டை நோக்கி இறங்கு. மேல்தோலை மட்டும், கேரட் சீவுகிற மாதிரி லேசாக. காய்ந்து பழுப்பாக இருந்தால் அந்த இடம் போய்விட்டது, இன்னும் கீழே போ. பச்சையும் ஈரமும் தெரிந்தால் அங்கே உயிர் நிற்கிறது. ஒரே கொம்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. மூன்றாவது படத்தில் அடித்தண்டில் பட்டை வெடித்து உரிந்திருக்கிறதே, அதுதான் உன்னைப் பயமுறுத்தியிருக்கும். குளிரில் பே மரத்துக்கு அப்படி ஆவது சகஜம். அதற்கு மேலே தளிர் வந்துவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

பெரியம்மாவிடம் கேட்டால் சாணியைக் கரைத்து ஊற்றச் சொல்வார். லீட்ஸில் சாணிக்கு எங்கே போவாய்? கிடைத்தாலும் இப்போது வேண்டாம். இலையில்லாத மரத்துக்கு எரு போடுவது மயக்கத்தில் கிடப்பவருக்கு விருந்து வைப்பது மாதிரி. தண்ணீரும் அப்படித்தான். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. தொட்டிக்கு அடியில் இருக்கும் அந்தத் தட்டை எடுத்துவிட்டு இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வை. குளிருக்குத் தப்பினாலும் தேங்கிய நீரில் வேர் அழுகிவிடும்.

ஏப்ரலில் மாப்பிள்ளை தொட்டியைச் சாய்க்கட்டும், நீ மரத்தை மெல்ல உருவு. வேர் வெளுப்பாக, உறுதியாக இருந்தால் நல்லது. கறுத்துக் கொழகொழவென்று நாறினால் அந்தப் பகுதியை வெட்டிவிடு. வேர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் ஒரு அளவு மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்று. ஜான் இன்னஸ் எண் 2 என்று கேட்டு வாங்கு. அது கலவையின் பெயர், கொஞ்சம் கனமான மண், காற்றில் தொட்டி சாயாது. ரம்பத்துக்கு வேலை அதற்கெல்லாம் அப்புறம். ஜூனில் தளிர் எங்கே வருகிறது என்று பார்த்து, அதற்கு மேலே உள்ள பட்ட கொம்பை மட்டும் எடுக்கட்டும். தளிர் மண் மட்டத்திலிருந்து வந்தாலும் கவலைப்படாதே, இது இயல்பிலேயே புதராக வளர்வதுதான். உருண்டைத் தலை போய்விடும். அந்தத் தலை திரும்ப வர வருடக்கணக்காகும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. மாப்பிள்ளை இதைப் பிரிஞ்சி இலைச் செடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் ஊர் பிரியாணியில் போடுவது வேறு, அது லவங்கப்பட்டைக்கு உறவுக்கார மரம். அந்த இலையில் காம்பிலிருந்து நுனி நோக்கி மூன்று நரம்பு ஓடும், இதற்கு நடுவில் ஒன்றுதான். வாசனையும் வேறு. குருமாவில் போட்டுவிட்டு ருசி மாறிவிட்டதென்று மரத்தைத் திட்ட வேண்டாம்.

நவம்பரில் தொட்டிக்குக் குமிழ்ச் சுருளை (பபிள் ராப்) சுற்றி, வீட்டுச் சுவரை ஒட்டி நகர்த்து. ஹீட்டர் ஓடும் அறைக்குள் மட்டும் கொண்டுபோகாதே.

என் வாசலில் இப்போது ஒற்றைத் துவாரபாலகர், அதுவும் பரட்டைத் தலையோடு. தபால்காரர் போகிறபோக்கில் இரண்டு இலை பறித்துக்கொண்டு போகிறார்.

நாளைக்கு வெளிச்சம் இருக்கும்போது கீறிப் பார்த்துப் படம் அனுப்பு. ஃப்ளாஷ் போடாதே, பச்சை தெரியாது.

அன்புடன்,
அண்ணன்