விபத்தை எண்ணுவது இருக்கட்டும், முட்டுகளையும் சாரத்தையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பல வருஷமாகக் கட்டட வேலை மேற்பார்வை பார்த்துவருகிறேன். கட்டடத்திலிருந்து விழுந்து தொழிலாளி பலி என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி சின்னதாக ஒரு செய்தி வருகிறது, போலீசார் விசாரிக்கிறார்கள் என்பதோடு அது முடிந்தும் போகிறது. இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்டால், ஓரளவுக்கு முடியும் என்றுதான் சொல்வேன், ஆனால் நாம் இப்போது எண்ணிக்கொண்டிருப்பதை வைத்துச் சொல்லவே முடியாது.

பெரிய கம்பெனிகள் வேலை செய்யும் இடத்து வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை இருக்கும். டெண்டரிலும் விபத்து விகிதம் கேட்பார்கள். வேலைக்கு வர முடியாத அளவுக்கு அடிபட்டவர்களின் எண்ணிக்கையை 10 லட்சத்தால் பெருக்கி, எல்லோரும் வேலை பார்த்த மொத்த மணி நேரத்தால் வகுத்தால் வருவது அந்த விகிதம். ஒரு உயிர் போனால் 6,000 மனித நாட்கள் இழப்பு என்று தனிக் கணக்கும் உண்டு, வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 20 வருஷம். ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கும் அணைக்கட்டு, மெட்ரோ ரயில் மாதிரி இடங்களில் இதற்கு ஏதோ அர்த்தம் இருக்கலாம். நம்மூரில் வீடு கட்டுவது எப்படி? கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், தச்சர் எல்லாம் சேர்த்து 20 பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 8 மணி நேரம், 300 நாள் என்றால் 48,000 மணி நேரம்தான் வருகிறது. வருஷம் முழுக்க யாருக்கும் அடிபடவில்லை என்றால் விகிதம் பூஜ்யம், ஒரே ஒருவர் விழுந்துவிட்டால் சுமார் 21. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த எண்ணும் வர வழியில்லை. 10 லட்சம் மணி நேரம் சேர வேண்டுமானால் அதே 20 பேர் 20 வருஷத்துக்கு மேல் உழைக்க வேண்டும். ஆகவே பூஜ்யம் வாங்கிய மேஸ்திரி கெட்டிக்காரரா அதிர்ஷ்டக்காரரா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போட்டால் அடிபட்டதை மறைப்பார்கள். காலில் ஆணி ஏறியவரை ஆட்டோவில் ஏற்றி, 'வீட்டில் குத்திவிட்டது என்று சொல்லு' என்று சொல்லிக் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பியதை நான் வேலை பார்த்த இடத்திலேயே பார்த்திருக்கிறேன். பலகையில் நாள் எண்ணிக்கை அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

சரி, வேறு எதைத்தான் எண்ணுவது? விழுவதற்கு முன்னால் கண்ணில் படுகிறதே, அதை எண்ணலாம். பின்லாந்து நாட்டில் டி.ஆர். முறை என்று ஒன்று 1990-களிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வாரம் ஒரு தடவை வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி வந்து சாரம், ஏணி, தடுப்பு, மின்சாரம், வெளிச்சம், இயந்திரம், ஆட்கள் வேலை பார்க்கும் விதம், தரை சுத்தமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று கோடு போடுவார்கள். சரியானவை மொத்தத்தில் நூற்றுக்கு எத்தனை என்பதுதான் மதிப்பெண். இதில் அதிகம் வாங்கிய இடங்களில் விபத்து குறைவாக இருந்ததைப் பார்த்துத்தான் அதை நம்பிக்கையோடு வைத்திருக்கிறார்கள். 20 பேர் வேலை பார்க்கும் இடத்திலும் வாரத்துக்கு ஐம்பது கோடாவது விழும், அதில் ஏற்ற இறக்கம் தெரியும். விபத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அதை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் போதாது, நம் பக்கத்து விபத்துக்கு நம் பக்கத்துக் காரணங்கள் இருக்கின்றன. முதலில் முட்டு, அதாவது புதுத் தளம் இறுகும் வரை அடியில் தாங்கக் கொடுக்கும் கால். தளம் போட்டபின் முட்டுகளை எப்போது பிரிப்பது என்பதற்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 நாள் கணக்கே கொடுத்திருக்கிறது: சுமார் 15 அடிக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 20 அடியைத் தாண்டிய உத்தரத்துக்கு 21 நாள். அதுவும் ஓ.பி.சி. என்கிற சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி., அதற்கு மெதுவாகத்தான் பலம் ஏறும். முட்டு, பலகை என்று சென்ட்ரிங் சாமானுக்கோ நாள் வாடகை. அடுத்து வீடு கட்டக் காத்திருப்பவர் போன் மேல் போன் போடுகிறார், மேஸ்திரி ஐந்தாம் நாளே ஓரத்து முட்டுகளை உருவ ஆரம்பிக்கிறார். தளம் போட்ட தேதியைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், அந்த மேஸ்திரியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

இரண்டாவது, பழைய வீட்டைப் பிரிப்பது. நம் ஊர்களில் நகரத்தார் வீடுகளை ஒரு பக்கம் ஹோட்டலாக மாற்றுகிறார்கள், இன்னொரு பக்கம் பங்காளிகள் சேர்ந்து விற்றுப் பிரிக்கிறார்கள். பிரிப்பது என்றால் மேலிருந்து கீழே, போட்ட வரிசைக்கு நேர்மாறாக வர வேண்டும். நடப்பது என்னவென்றால், எது விலை போகுமோ அது முதலில் இறங்குகிறது. பர்மா தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டார், அதனால் மேலே ஓடுகளும் கட்டைகளும் இருக்கும்போதே தூணை உருவப் பார்க்கிறார்கள். மரத்தை எடுத்தபின் சுண்ணாம்புச் சுவர் பிடிமானம் இல்லாமல் தனியாக நிற்கும், மழை பெய்து ஊறினால் அவ்வளவுதான். அந்தச் சுவருக்கு அடியில் உட்கார்ந்துதான் சித்தாள் பெண்கள் செங்கல்லில் ஒட்டிய சுண்ணாம்பைக் கொத்திக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் முகூர்த்தம். தையில் கிரகப்பிரவேசம் என்று பத்திரிகை அடித்துவிட்டால் மார்கழி முழுக்க ராத்திரி வேலைதான். ஒரு பல்பு வெளிச்சத்தில் சாரத்தில் ஏறிப் பெயிண்ட் அடிக்கிறவர், ஒட்டுப்போட்ட ஒயர், ஈரத் தரையில் டைல்ஸ் அறுக்கும் மெஷின், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. லைனில் கிடையாது. என்னைக் கேட்டால், எந்த வீட்டில் அடுத்து அடிபடும் என்று கணிக்கக் கடைசி பதினைந்து நாளில் எத்தனை விதமான ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணினால் போதும்.

பிளான் அனுமதிக்குப் போகும்போது கட்டடத் தொழிலாளர் நலவாரியத்துக்கென்று கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வாங்குகிறார்கள். வாங்கட்டும், வேண்டிய பணம்தான். ரசீதோடு இருபது கேள்வி உள்ள ஒரு தாளும் கொடுக்கலாமே? முட்டு, சாரம், தடுப்பு, ஒயர், பள்ளம், வெளிச்சம் என்று. சனிக்கிழமை கூலி கொடுப்பதற்கு முன்னால் மேஸ்திரியும் ஒரு தொழிலாளியும் சேர்ந்து சுற்றி வந்து கோடு போட்டு, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி வாசலில் ஒட்ட வேண்டும். குறைந்த செலவில் கட்டும் சொந்த வீட்டுக்கு அந்தப் பணம் கிடையாது என்பதற்காகத் தாளும் வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது, சாரம் வீட்டு மதிப்பைப் பார்த்து முறிவதில்லை.

பொய்யாக எழுதுவார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார். எழுதத்தான் செய்வார்கள். நகராட்சியிலோ ஊராட்சியிலோ எல்லா இடத்துக்கும் போக ஆள் இல்லை, அதுவும் தெரிந்ததுதான். வாராவாரம் 20-க்கு 20 ஒட்டியிருக்கும் இடமாகப் பார்த்து முதலில் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேற்பார்வையாளர்,
பள்ளத்தூர்.