தேரிக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை விட்டதும் நெல்லையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் திருச்செந்தூருக்குக் காரில் போகும் குடும்பங்கள், அப்படியே குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் காட்டையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று வாழையும் நெல்லும் குளமுமாக வந்த வழி, காயாமொழிப் பக்கம் திரும்பியதும் செக்கச்சிவந்த மணல்மேடாக மாறிவிடும். தாமிரபரணிக் கால்வாய் எட்டிய இடம் எது, எட்டாத இடம் எது என்று பிள்ளைகளுக்குப் பாடமே நடத்தலாம். மணல் துகள்மேல் இரும்புத்துரு படிந்ததால் வந்த சிவப்பு அது என்பதையும் அங்கேயே சொல்லலாம்.

ஆனால் தேரி பக்கத்தில் இருப்பதாலேயே யாரும் ஆயத்தம் செய்துகொண்டு போவதில்லை. ராஜஸ்தானுக்குப் போகிறவர்கள் தண்ணீரையும் நேரத்தையும் கணக்குப் பார்ப்பார்கள். இங்கேயோ முருகனைக் கும்பிட்டு, சாப்பாட்டையும் முடித்து, மதியம் ஒரு மணிக்குக் கைக்குழந்தையோடு மணலில் இறங்குகிறார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களுக்கு வருகிறவர்களும் அப்படித்தான்.

முதலில் நேரம். பங்குனி முதல் ஆவணி வரை காலை ஆறரைக்கு அங்கே இருந்து ஒன்பது மணிக்குள் தார்ச்சாலைக்கு வந்துவிட வேண்டும். மாலையானால் நாலரைக்கு மேல் போகலாம். ஆனால் இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும், சுருட்டை விரியன் நடமாடும் நேரம் அது. காவோலை, அதாவது காய்ந்த பனையோலைக் குவியலைப் பிள்ளைகள் எந்த நேரத்திலும் புரட்டக் கூடாது. கைக்குழந்தை இருந்தால் மார்கழியும் தையும்தான் சரியான மாதங்கள். கார்த்திகைக் கடைசியில் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு வெயில் தொல்லை குறைவு, கூட்டம்தான் அதிகம்.

நிழலில் 38 டிகிரி என்றால் வெயிலில் காய்ந்த மணல் 55 டிகிரியைத் தாண்டும். பெரியவர்களின் முகம் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளையின் முகம் இரண்டடியில். அதனால் நமக்குப் பொறுக்கிற சூடு அதற்குப் பொறுக்காது. புறங்கையை மணலில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லையென்றால் பிள்ளையை இறக்கிவிடாதீர்கள். செருப்பு போதாது, மணல் உள்ளே புகுந்து சுடும். சாக்ஸோடு மூடிய ஷூ வேண்டும்.

மூன்று மணி நேரத்துக்குப் பெரியவர்களுக்குத் தலைக்கு ஒரு லிட்டர், பிள்ளைகளுக்கு அரை லிட்டர் குடிதண்ணீர் எடுங்கள். கழுவவும் நனைக்கவும் தனியாக ஐந்து லிட்டர் கேன் ஒன்று. தாகம் என்று கேட்கும்வரை காத்திராமல் கால்மணிக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும்; டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிக் கெடுதலாகும். அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. பதனீர் காய்ச்சும் குடிசையான விடிலிப் பக்கம் காலையில் கிடைக்கும் பதனீரைப் பிள்ளைகளுக்கு அரை டம்ளர் கொடுக்கலாம். வெயில் ஏறினால் புளித்துவிடும். நுங்கைத் தோல் உரித்துச் சின்னத் துண்டாக்கிக் கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும்.

பிள்ளை கண்ணீர் வராமல் அழுதாலோ, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, துவண்டு தூங்கி வழிந்தாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைக் கழற்றி, உடம்பை நனைத்து விசிற வேண்டும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. கூப்பிட்டும் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை நனைப்பதை நிறுத்தாதீர்கள். தூங்குகிற பிள்ளையைக் காரில் விட்டுவிட்டுப் போட்டோ எடுக்க இறங்குவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. ஏசியை அணைத்த பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி கூடிவிடும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

அடுத்து வண்டி. தார் முடியும் இடத்தில் காரை நிறுத்துவதே சரி. இது வனத்துறையின் காப்புக்காடு என்பதும், கார் புதையும் என்பதும் இரண்டு காரணங்கள். தேரி மணல் நைசானது, காய்ந்தால் பிடிப்பே இராது. நம் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கும். புதைந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டி, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். பிறகு டிராக்டர்தான். சக்கரம் சுழன்று வண்டி நகராத அந்த முதல் நொடியிலேயே நிறுத்துங்கள். எல்லாரையும் இறக்கிப் பிள்ளைகளை நிழலுக்கு அனுப்பிவிட்டு, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மணலை அள்ளுங்கள். டயர் காற்றை 32-லிருந்து 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள், டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். முன்சக்கரத்துக்கு அடியில் கால்மிதியையோ காவோலையையோ நெருக்கிச் செருக வேண்டும். மட்டையில் ரம்பப் பல் போன்ற கருக்கு இருக்கும், வெறுங்கையால் பிடிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். சக்கரம் சுற்றும்போது கால்மிதி கல்லெறி போலப் பறக்கும், அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. வெளியே வந்தபின் காற்று பிடிக்கும்வரை 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். 12 வோல்ட் பம்ப் இருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

உடைமுள் டயரில் ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். டியூப்லெஸ் டயரில் அந்த முள்ளே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். பஞ்சர் கடை வரை ஓட்டிப் போகலாம். சக்கரம் மாற்ற வேண்டியிருந்தால் ஜாக்கிக்கு அடியில் ஒன்றரைச் சாண் பலகை வேண்டும், இல்லையேல் வண்டி எழும்பாமல் ஜாக்கி மணலுக்குள் இறங்கும். ஆடிக் காற்றில் தார்ச்சாலையின் மேலேயே மணல் விரிந்து கிடக்கும், வளைவில் பிரேக்கை அழுத்தினால் வழுக்கும்.

பிள்ளைகளுக்கு நீலச் சட்டை போடுங்கள். சிவப்பும் காவியும் மணலோடு கலந்துவிடும், பச்சை கொல்லாமரத்தோடு (முந்திரி) கலந்துவிடும். ஒரு மேடு இறங்கினாலே சாலை மறைந்துவிடுவதால் கார் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். கழுத்தில் ஒரு விசில் மாட்டிவிடுவது நல்லது. திரும்பும்போது சீட் பெல்ட் கொக்கியில் மணல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், சிக்கினால் பூட்டியது போலிருந்தும் பூட்டியிருக்காது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பெல்ட் இல்லாமல் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது. அபராதத்துக்காக இல்லாவிட்டாலும் மடியில் உட்கார வைப்பதை விட்டுவிடுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். தேரிக்குள் போகும் ஒவ்வொரு வழியிலும் தார் முடியும் இடத்தில் ஒரு ஓலைப் பந்தலும், குடிதண்ணீர்த் தொட்டியும், ‘கார் இதற்கு மேல் போகக் கூடாது, காலை 9 முதல் மாலை 4.30 வரை குழந்தைகளை மணலில் இறக்க வேண்டாம்’ என்ற பலகையும் பங்குனி உத்திரத்துக்கு முன்பே வைக்க வேண்டும். தண்ணீர் நிரப்பும் பொறுப்பை அந்தந்த ஊராட்சியிடமே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை